ராணி வேஷத்துக்குச் சேலை கிடையாது

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆண்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் நாடகம் போடுவார்கள். ராஜா, மந்திரி, ராணி, தோழி எல்லாமே ஆண்கள்தான். ராணிக்கும் தோழிக்கும் வேண்டிய சேலை, சவுரி, வளையல் மட்டும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பொம்பளைகளிடமிருந்து போகும். கேட்டு வாங்குவார்கள் என்று சொல்ல முடியாது. திருவிழா நெருங்கும்போது யாராவது ஒருவர் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் வந்து நின்று, "அந்தப் பச்சைச் சேலைய எடுத்து வைய்யி, நாடகத்துக்கு வேணும்" என்பார். எடுத்து வைப்போம்.

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் உள்ள அந்தத் தோட்டத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம், போனது என் கூறைச் சேலை. அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை போட்டது. அதைக் கட்டி ராணியாக நடித்தவர் என் வீட்டுக்காரரின் சித்தப்பா. திரும்பி வந்தபோது முந்தானையில் பீடி நெருப்புப் பட்டு ஓட்டை ஓட்டையாக இருந்தது. கரையெல்லாம் சேறு.

"என்னங்க சின்ன மாமா இது?" என்று விரித்துக் காட்டினேன்.

"வேசம் கட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கப்ப ரெண்டு இழுப்பு இழுத்தேன் புள்ள. பட்டுருச்சு போல. மடிச்சுக் கட்டுனா தெரியாது" என்றார்.

சேலை போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அவர் நடித்த லட்சணத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கதையில் ராணிக்குப் பிள்ளை செத்துப்போகும். இவர் "ஐயோ மகனே" என்று கூவிவிட்டு அடுத்த வரி மறந்துபோய்த் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மறுபடியும் கூவினார். கீழே ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் சொந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டு, துக்கம் ஆறுவதற்குள் கூடை தூக்கி மலைக்குப் போனவர்கள். பிள்ளை செத்தால் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. பொம்பளைக்கு நடிக்க வராது என்று சொன்னவர்களில் ஒருவராவது ஒரு பொம்பளையை நடிக்கவிட்டுப் பார்த்ததும் இல்லை.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் நான் பீலிக்கரையில் வைத்துச் சொன்னேன். லயத்துக்கெல்லாம் தண்ணீர் வருகிற பீலி அது. குடத்தோடு நிற்கும்போதுதான் எல்லாப் பெண்களும் ஒரே இடத்தில் இருப்போம்.

"இந்த வருசம் நாடகத்துக்கு நான் சேல குடுக்கப் போறதில்ல. ராணி வேசம் எனக்குக் குடுத்தா சேலையக் கட்டிக்கிட்டு நானே வாறேன்."

சிரித்தார்கள். ஒருத்தி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "எம் மூக்குத்திய கூடத்தான் போன வருசம் வாங்கிட்டுப் போயி திருகாணியத் தொலைச்சுப்புட்டாங்க" என்றாள். இன்னொருத்தி தன் ரவிக்கை கிழிந்து வந்த கதையை எடுத்தாள். பேசப் பேசச் சிரிப்பு குறைந்தது. அந்த வாரம் சேலை கேட்டு வந்த ஆளுக்கு மேட்டு லயத்திலும் கிடைக்கவில்லை, பணிய லயத்திலும் கிடைக்கவில்லை.

நாடகத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் தலைவர் பெரிய கங்காணி. கோட்டும் தலைப்பாகையுமாக எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார். என் வீட்டுக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"சேல இல்லைன்னு சொன்னியாமே?"

"இல்லைன்னு சொல்லலீங்க மாமா. இருக்கு. பொம்பள வேசத்த நாங்க கட்டுறோம்னுதான் சொன்னேன்."

"கொழுந்து எடுக்குறது வேற, நடிக்கிறது வேற. மேடையில ஏறி நின்னா வாயி வருமா உங்களுக்கு?"

"ஏத்தி விட்டுப் பாருங்களேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "டேய், உம் பொண்டாட்டிய அடக்கி வையி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வருஷம் அட்டன் டவுனுக்கு ஆள் அனுப்பி வாடகைக்குச் சேலை எடுத்து வந்து நாடகத்தை நடத்தினார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த நாடகத்தில் மந்திரி. கங்காணி வந்து போனதிலிருந்து மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீ மேடையேறினா நான் எப்புடி வெளிய தலகாட்டுறது?" என்றார்.

"உங்க சித்தப்பா சவுரி வச்சுப் பூ முடிஞ்சுக்கிட்டு ஆடிட்டு, மறுநாள் பெரட்டுக்களத்துல வேலைக்கு வந்து நிக்கலையா? அவரு தலகாட்டுறாருல்ல?"

அவர் இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவர்கள் மேடை நமக்குக் கிடைக்காது என்று. நாமாக ஒன்று போட வேண்டியதுதான். ஆனால் நடிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அதைத் திறமை என்று எண்ணியதில்லை.

லய வரிசையின் கடைசியில், மற்ற லயங்களைவிட்டுத் தள்ளி ஒரு தொங்கல் லயம் இருந்தது. தப்பு அடிக்கிற குடும்பங்களை அங்கேதான் குடிவைத்திருந்தார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்கள் வேண்டும். ஆனால் கோயில் முற்றத்தில் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றுதான் அடிக்க வேண்டும். அந்த லயத்துக் கடைசிக் காம்பராவில் இருந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கறுப்பாக, நெடுநெடுவென்று இருப்பார். மலையில் கொழுந்து பறிக்கச் செடி வரிசை பிரிக்கும்போது, கங்காணி அவருக்கு எப்போதும் ஓரத்து நிரைதான் போடுவார்.

மழை பிடித்துக்கொண்டால் எல்லாரும் மரத்தடியில் ஒண்டுவோம். அப்போது அந்த அக்கா கொஞ்சம் தள்ளி நின்று, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இழுத்துக் கட்டி, செடி மட்டம் பார்க்கிற மட்டக் கம்பைக் கைத்தடியாகப் பிடித்து, வயிற்றை முன்னால் தள்ளி இரண்டடி நடப்பார். அவ்வளவுதான், எங்கள் மலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கையா அங்கே வந்துவிடுவார். குரலை மாற்றுவதற்கு முன்னாலேயே கழுத்து மாறிவிடும். கண் சின்னதாகிவிடும். "ஏய், எடுக்காம அரும்ப விட்டுருக்க பாரு! உன் கண்ணு என்னா பங்களாவுலயா இருக்கு?" என்பார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். மழை விட்டதும் அவரை அங்கேயே விட்டுவிட்டு அவரவர் நிரைக்குப் போய்விடுவோம். வருஷக் கணக்காக இப்படித்தான் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காம்பராவுக்குப் போனேன். அதுவரை அந்த லயத்துக்குள் கால் வைத்ததில்லை. அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கோடரியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எங்கூட நின்னு நடிக்க உங்க லயத்து ஆளுங்க வருவாங்களா புள்ள?"

"வர்றவங்க வரட்டுங்க்கா."

"யாரும் வரலைன்னா?"

"நாம ரெண்டு பேரும் நடிப்போம். நீங்க கண்டாக்கு, நான் கொழுந்துக்காரி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து, கையில் தராமல், என் பக்கத்தில் இருந்த கல்மேல் வைத்தார். நான் எடுத்துக் குடித்தேன்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாமியார் அடுப்படியிலிருந்து கேட்டார்.

"அந்த வீட்டுத் தேத்தண்ணிய குடிச்சியாமே?"

"குடிச்சேன் மாமி. சீனி கொஞ்சம் கம்மி."

அன்றிலிருந்து மாமியார் எனக்குத் தனிக் கோப்பை வைத்தார். நான் அந்தக் கோப்பையிலேயே குடித்தேன். அவர் மனம் மாறினாரா என்று கேட்பீர்கள். இல்லை. கடைசிவரை மாறவில்லை.

பீலிக்கரையில் என்னோடு சேர்ந்து சேலை இல்லை என்று சொன்னவர்களில் பாதிப் பேர், தொங்கல் லயத்து அக்காவும் உண்டு என்றதும் விலகிக்கொண்டார்கள். "சேலைக்காகச் சண்டை போடுவோம், அதுக்காக அவளோட நிக்கிறதா?" என்று என் முகத்துக்கு நேராகவே ஒருத்தி கேட்டாள். "ஆம்பளைங்க நம்மளச் சொல்றதத்தானே நீ அவங்களச் சொல்ற?" என்றேன். அவள் கோபித்துக்கொண்டு போனாள். ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம் போல ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. அது போதும் என்று தொடங்கினோம்.

துணி துவைக்கிற ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒத்திகை. ராஜா ராணி கதை வேண்டாம் என்று அக்காதான் சொன்னார். "நம்மள்ல யாரு ராசாவப் பாத்திருக்கோம்? பாத்ததச் செய்வோம்" என்றார். மலையில் ஒரு நாள் நடப்பதைக் கதையாகக் கட்டினோம். விடிய முன்னால் வேலை பிரிக்கிற பெரட்டு, பிள்ளையைக் காய்ச்சலோடு விட்டுவிட்டு வருகிற ஒரு தாய், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தண்ணிக்கும் கூடைக்கும் என்று நிறையைக் கழிக்கிற கண்டாக்கு, அரைநாள் சம்பளம்தான் என்று அரைப் பேர் போட்டுவிட்டதால் சண்டை. நான்தான் தாய்.

முதல் நாள் நான் கண்டாக்கு முன்னால் விழுந்து விழுந்து அழுதேன். அக்கா நிறுத்தினார்.

"நெசமா அவன் முன்னால இப்புடி அழுவியா?"

யோசித்தேன். "மாட்டேன்."

"பின்ன? பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்ப. கூடைக் கயித்த இறுக்கிப் புடிச்சிருப்ப. அதச் செய்யி. அழுகைய அவன் போன பெறகு அழு."

அப்படிச் செய்தேன். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்த மனுஷிக்கு வேஷம் போட மட்டுமல்ல, இன்னொருத்தருக்குள் இருப்பதை வெளியே எடுக்கவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். இப்படிப்பட்டவரைத் தோட்டம் இத்தனை காலமும் ஓரத்து நிரையில் நிறுத்தி வைத்திருந்தது.

திருவிழா முடிந்து சில வாரம் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே, மடுவத்தில் நாடகம் போட்டோம். அனுமதி கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பார்கள். அந்தத் தரையில் தினமும் மூன்று தடவை நாங்கள் கூடை இறக்குகிறோம், ஒரு தடவை நின்று பேசினால் என்ன? திரை கிடையாது. தராசு நிஜத் தராசு. அக்கா தன் புருஷனின் அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் கம்பளியைச் சுற்றிக் கட்டியிருந்தார். தலையில் ஓலைத் தொப்பி.

வேடிக்கை பார்க்கப் பெண்கள் நிறையவே வந்தார்கள். விலகிப் போனவர்களும் வந்தார்கள். ஆண்கள் மேலே ரோட்டில் ஏதோ வேறு வேலையாக நிற்பதுபோல் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் நின்றார்.

அக்கா நடந்து வந்ததுமே மடுவத்துத் தகரம் அதிரச் சிரிப்பு. நிறுவைக் காட்சி வந்தது. நான் கூடையை மாட்டினேன். அக்கா முள்ளைப் பார்க்காமலே நிறையைச் சொன்னார். அந்த நேரம் சிரிப்பு பட்டென்று நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கண்டாக்கையாவே வந்து மடுவத்து வாசலில் நின்றார். அதே தொப்பி, அதே கைத்தடி.

முன்வரிசையில் இருந்தவர்கள் எழும்பப் பார்த்தார்கள். அக்கா அவரைப் பார்த்தார். ஒரு நிமிஷம் கண்டாக்கும் கண்டாக்கும் நேருக்கு நேர் நின்றார்கள். பிறகு அக்கா வயிற்றை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி, கைத்தடியை அவரை நோக்கி நீட்டினார்.

"ஏய்! யாரது அங்க வேல நேரத்துல சும்மா நிக்கிறது? கூட எங்க? கூட இல்லாம மடுவத்துக்கு ஏன் வந்த? போ, போ, மலைக்குப் போ!"

அப்புறம் ரோட்டில் நின்ற ஆண்கள் பக்கமிருந்துதான் முதல் சிரிப்பு வெடித்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கண்டாக்கையா முகம் சிவந்து, திரும்பி, விறுவிறுவென்று நடந்தார். அந்த நடையைப் பார்த்தால் எது வேஷம் எது நிஜம் என்று தெரியவில்லை. நாங்கள் நாடகத்தை முடித்துவிட்டுத்தான் கலைந்தோம். காய்ச்சல் பிள்ளையின் தாயாக நான் கடைசியில் அழுதபோது கீழே எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துச் சொன்னார்: "கண்டாக்கு பேச்சு கொஞ்சம் நீளம். நடுவுல வெட்டணும்."

சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன். மந்திரி யோசனை சொல்கிறார்! "வெட்ட மாட்டோம்" என்றேன்.

மறுநாள் பெரட்டுக்களத்தில் கண்டாக்கையா எல்லாருக்கும் எந்த மலை என்று சொல்லிவிட்டு, அக்கா முறை வந்ததும், "உனக்கு வேல இல்ல. வீட்டுக்குப் போ" என்றார். அக்கா அசையாமல் நின்றார். அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஏதாவது செய்வேன் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

கூடையைத் தலையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன்.

"என்னா?" என்றார் கண்டாக்கையா.

"நாங்க சேந்துதான் நடிச்சோம் ஐயா. அவங்களுக்கு வேல இல்லைன்னா எனக்கும் இல்ல."

நடித்தவர்கள் எல்லாரும் கூடையை இறக்கினார்கள். கொஞ்ச நேரம் அவ்வளவுதான். பிறகு, தொங்கல் லயத்தாளோடு நிற்க மாட்டேன் என்று கோபித்துப் போனாளே, அவள் இறக்கினாள். ஏன் என்று பிறகு கேட்டதற்கு, "அவரு நடையப் பாத்த பெறகு அந்த ஆளுக்குப் பயப்பட முடியல" என்றாள். அப்புறம் வரிசை வரிசையாகக் கூடைகள் தரைக்கு வந்தன.

கொழுந்து பொங்கி நின்ற பருவம் அது. தோட்டத்தை நடத்துகிற துரை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, "என்னா சத்தம் இது? ஏன் மலைக்குப் போறது இல்ல?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். கண்டாக்கையா இங்கிலீஷில் என்னவோ சொன்னார். நாடகத்தைப் பற்றிச் சொல்லியிருக்க முடியாது. எப்படிச் சொல்வார்? துரை வாட்சைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "எல்லாம் வேலைக்குப் போ" என்றார். நியாயம் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. கொழுந்து முற்றிப் போவது ஒன்றுதான் அவர் கவலை. ஆனாலும் அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு மலை ஏறினார். கண்டாக்கையா அதற்குப் பிறகு எங்களுக்குச் செங்குத்தான மலைகளாகப் பார்த்துப் போட்டார். ஏறினோம்.

அடுத்த வருஷம் பெரிய கங்காணியே ஆள் அனுப்பினார். கோயில் மேடையில் நடுவில் ஒரு காட்சி பொம்பளைகளுக்குத் தருகிறோம், அந்தத் தொங்கல் லயத்தாள் மட்டும் வேண்டாம் என்று. அக்காவே, "நீங்க போங்க புள்ள, கெடைச்சத விடாதீங்க" என்றார். பீலிக்கரையில் கூடிப் பேசினோம். "அவங்க இல்லாத மேடை எங்களுக்கு வேணாம்னு போயிச் சொல்லுங்க" என்று வந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம். அந்த வருஷமும் மடுவத்தில்தான் போட்டோம். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நடந்தே வந்தார்கள். கோயில் மேடையில் ராஜா வசனம் பேசும்போது கீழே பாதிச் சாக்கு காலியாகக் கிடந்ததாம். அதைச் சொன்னதும் எங்கள் வீட்டு மந்திரிதான்.

அதற்கும் அடுத்த வருஷம் நிபந்தனை இல்லாமல் கூப்பிட்டார்கள். மனசு மாறிக் கூப்பிட்டார்கள் என்று நான் நம்பவில்லை, கூட்டம் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். எதற்காகக் கூப்பிட்டால் என்ன, அக்கா கயிற்றைத் தாண்டி முற்றத்துக்குள் நடந்து வந்தார். கயிற்றுக்கு வெளியே தப்போடு நின்ற அவர் புருஷன் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறை அக்கா கண்டாக்கு வேஷம் போடவில்லை. பிள்ளையை இழந்த தாயாக, அதிகம் பேசாமல், இல்லாத தொட்டிலை வெறும் கையால் ஆட்டிக்கொண்டு மேடையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

முடிந்ததும் நடித்தவர்களுக்குக் கோயில் தட்டு கொடுப்பது வழக்கம். தேங்காய், பழம், ஒரு முழம் பூ. பெரிய கங்காணி மேடையேறி எங்கள் ஒவ்வொருவர் கையிலும் தட்டைக் கொடுத்தார். அக்காவின் முன்னால் வந்ததும் தட்டைக் குனிந்து மேடைப் பலகையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அக்கா குனியவில்லை.

"எடுத்துக்க" என்றார் கங்காணி.

"அவங்களுக்கெல்லாம் கையில குடுத்தீங்க. எனக்கும் கையில குடுங்க ஐயா."

அவர் கேட்காதவர் போல நின்றார். நான் என் தட்டைப் பலகையில் வைத்தேன். மற்றவர்களும் வைத்தார்கள். கீழே கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல், "கையில குடுங்க!" என்றது. இன்னொன்று. பிறகு எண்ண முடியாத குரல்கள். அவற்றில் சில ஆண் குரல்களும் இருந்தன.

பெரிய கங்காணி சுற்றிலும் பார்த்தார். மெல்லக் குனிந்து தட்டை எடுத்தார். அக்கா இரண்டு கையையும் நீட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டார். அவர் கை விலகிய பிறகும் அக்கா தட்டைத் தாழ்த்தவில்லை. நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முற்றத்து மக்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, மேடையின் நடுப் படிகளில் இறங்கி நடந்தார்.